எவ்வளவு கறுப்பு என்று யாரும் சொல்வதில்லை

கூலிங் கிளாஸ் விற்கும் கடையில் எதைக் கேட்டாலும் பதில் வரும். பிரேம் உடையுமா, வேர்வை பட்டால் துருப்பிடிக்குமா, நீள முகத்துக்கு எது எடுக்கும், வட்ட முகத்துக்கு எது எடுக்கும், எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. "இது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் அண்ணாச்சி?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. "இது டார்க், அது லைட்டு, நடுவுல உள்ளது மீடியம்" என்கிறார்கள். தூத்துக்குடியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் இதே மூன்று சொற்கள்தான். கேட்டது எனக்காக என்றால் விட்டிருப்பேன். சித்தப்பாவுக்காகக் கேட்டேன்.

சித்தப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். வயது 60-ஐத் தாண்டிவிட்டது. இருட்டோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கிளம்பிப் போய், வெயில் உச்சிக்கு ஏறுமுன் உப்பு வாரி முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. சீசன் நேரத்தில் அந்தக் கணக்கு நடப்பதில்லை, மத்தியானம் வரைக்கும் இழுத்துவிடும். அளத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வெயில் மேலேயிருந்து மட்டும் வராது. பாத்தித் தண்ணீரிலிருந்தும், வாரிக் குவித்த வெள்ளை உப்பிலிருந்தும் கிளம்பி, கீழேயிருந்து முகத்தில் அடிக்கும். தொப்பியும் தலைத்துண்டும் மேல்வெயிலுக்குத்தான் ஆகும், இந்தக் கீழ்வெயிலை அவற்றால் தடுக்க முடியாது. வலது கண்ணின் மூக்கோரத்தில் சதை வளர ஆரம்பித்திருக்கிறது என்று கண் டாக்டர் சொன்ன பிறகுதான் "சரி, ஒரு கூலிங் கிளாஸ் வாங்கித் தா" என்று இறங்கி வந்தார். கூடவே ஒரு நிபந்தனை: "நல்லா கறுப்பா இருக்கணும் கேட்டியால. சும்மா பேருக்கு வாங்கிட்டு வராத."

அந்த 'நல்லா கறுப்பா'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு கறுப்பு, நல்ல கறுப்பு? அதற்கு எண் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியா 1971-லேயே கூலிங் கிளாஸுக்கென்று ஒரு தரநிலையை வெளியிட்டுவிட்டது. இன்று பல நாடுகளில் புழங்கும் ஐஎஸ்ஓ 12312-1 என்ற தரநிலை, லென்ஸ்களை 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் விட்டால் 0. 43 முதல் 80 வரை என்றால் 1. 18 முதல் 43 வரை 2. 8 முதல் 18 வரை 3. 3 முதல் 8 வரை 4. நம் ஊர் வெயிலுக்கென்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை 3-ஆம் வகை. 4-ஆம் வகை பனிமலைக்கும் நடுக்கடலுக்குமானது, அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. கொஞ்சம் ஒழுங்கான கண்ணாடி என்றால் காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கம் 'கேட். 3' என்றோ, வெறும் 3 என்றோ பொடி எழுத்தில் இருக்கும். ரே-பான் 1953-இல் கொண்டுவந்த ஜி-15 என்ற சாம்பல்பச்சை லென்ஸின் பெயரிலேயே எண் இருக்கிறது. 15 என்பது அது உள்ளே விடும் வெளிச்சத்தின் சதவீதம். அத்தனை பழைய வழக்கம் ஒன்று எங்கள் ஊர்க் கடைகளுக்குள் வரும்போது டார்க், லைட், மீடியம் என்று சுருங்கிப்போகிறது.

15 சதவீதம் என்றால்

100-இல் 85-ஐ வெட்டிவிட்டு 15-ஐ மட்டும் விடும் லென்ஸ் என்று கேட்டால், போட்டவுடன் அந்தியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் சொன்னால், உச்சிவெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வீட்டில் டியூப்லைட் போட்ட ஹாலில் 200, 300 லக்ஸ் இருந்தால் அதிகம். 1,00,000-இல் 15 சதவீதம் என்பது 15,000. அதாவது சித்தப்பா கேட்ட கறுப்பைப் போட்டுக்கொண்டு நடு அளத்தில் நின்றாலும், அவர் கண்ணுக்கு நம் வீட்டு ஹாலைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் போகிறது. வெளிச்சம் பாதியானால் அதை ஒரு ஸ்டாப் என்று எண்ணும் போட்டோக்காரர்களைக் கேட்டால், மூன்று ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதானே என்பார்கள்.

கண் வெளிச்சத்தை அப்படியே எண்ணுவதில்லை. எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் முன்வைத்த விதிப்படி, நமக்குத் தோன்றும் பிரகாசம் உண்மையான வெளிச்சத்தின் கனமூலத்தை ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது. 15 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால், தோன்றும் பிரகாசம் கிட்டத்தட்ட பாதி. 85 பங்கு போயும் நமக்குப் பாதிதான் போனதாகத் தெரிகிறது. சில நிமிடம் போனால் கண் பழகி அந்தப் பாதியும் மறந்துவிடும். இன்னும் நுணுக்கமாகப் பாருங்கள். 3-ஆம் வகையின் ஒரு கரை 8, மறு கரை 18. வெளிச்சத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். தோற்றத்தில் ஒன்று 43, மற்றது 56 என்ற அளவில்தான் விலகி நிற்கிறது. கடைக்குள் நின்றுகொண்டு ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி "இது டார்க், அது லைட்டு" என்று சொல்வது எவ்வளவு ஆட்டங்காணும் தீர்ப்பு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். அதுவும் நாம் மாட்டிப் பார்ப்பது ஏசி போட்ட கடைக்குள், வெயிலின் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம்கூட இல்லாத இடத்தில்.

அதனால் அளந்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் நண்பரிடம் லக்ஸ் மீட்டர் இருந்தது. தெரிந்த கடைக்கார அண்ணாச்சி ஒருவர், சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சில், கைக்கு வந்த கண்ணாடிகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். அளப்பது கடினமில்லை. நேர்வெயிலில் வைக்காமல், நிழலில் இருந்தபடி திறந்த வானத்தைப் பார்க்கும்படி மீட்டரை வைத்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மீட்டரின் கண்ணை லென்ஸால் ஒட்டி மூடி, ஓரத்தில் வெளிச்சம் புகாமல் கறுப்புத் துணியைச் சுற்றி, இரண்டாவது எண்ணைக் குறிக்க வேண்டும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சதவீதம். செல்போனில் காதை வைக்கும் இடத்துக்கு அருகே இருக்கும் சென்சாரை வைத்தும் செய்யலாம், ஆனால் அது நிறத்தைக் கண் பார்ப்பதுபோல் பார்க்காது. நல்ல லக்ஸ் மீட்டர் என்றால், பச்சைக்கு அதிக மதிப்பும் நீலத்துக்கும் சிவப்புக்கும் குறைந்த மதிப்பும் கொடுத்து, பகலில் நம் கண் செய்வதையே செய்யும். நம் கண் பகலில் அதிகம் கூர்மையாக இருப்பது 555 நானோமீட்டர் அலைநீளத்தில், மஞ்சள் கலந்த பச்சையில். லென்ஸின் சதவீதம் என்று அச்சடிக்கிற எண் இந்த மதிப்பைப் போட்டுக் கணக்கிட்டதுதான்.

வாசல் திண்ணையில் வைத்து அளந்ததில் சாம்பல் லென்ஸ் சுமார் 17 வந்தது. பிரவுன் சுமார் 12. பச்சை, சாம்பலுக்குப் பக்கத்தில். மஞ்சள் 80-ஐ ஒட்டி. வெளியே ஆரஞ்சும் நீலமுமாகக் கண்ணாடிபோல் மின்னிய மெர்க்குரி லென்ஸ், எதிரே நிற்பவனுக்குக் கண்ணே தெரியாத அளவுக்கு இருந்தது, பார்த்தால் 20-க்கு மேல் விட்டது. ரோட்டோரத் தட்டியில் தொங்கிய, பெயரே இல்லாத கறுப்பு ஒன்று 6. அதாவது வண்டி ஓட்டவே கூடாத 4-ஆம் வகை, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், பைக்கில் போகிற பையன்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறது.

பாத்தி வரப்பில்

எண்களை எழுதி வைத்துக்கொண்டு, அதே பையோடு அளத்துக்குப் போனேன். சித்தப்பாவிடம் எண்களைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது இருட்டு, எது வெளிச்சம் என்று வரிசை சொல்லச் சொன்னேன். பதினொரு மணி வெயில். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்காக்கள் இரண்டு பேர் என்ன வேடிக்கை என்று வந்து நின்றார்கள்.

மஞ்சளைப் போட்டவுடன் சித்தப்பா சொன்னது: "ஏலே, இது வெயிலக் கூட்டுது." வெறும் கண்ணைவிட வெளிச்சமாக இருக்கிறதாம். பிரவுனைப் போட்டார். "இது நல்லா பளிச்சுன்னு இருக்கு. ஆனா கூசல." சாம்பலைப் போட்டதும் முகம் சுளித்தார். "இது ரொம்ப இருட்டு. மேகம் போட்ட மாதிரி இருக்கு." பிரவுன் 12, சாம்பல் 17. குறைவாக விடுவது பளிச்சென்றும், அதிகமாக விடுவது இருட்டென்றும் தெரிகிறது. அக்காக்களும் போட்டுப் பார்த்து அதையே சொன்னார்கள். மீட்டரை அங்கேயே எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தேன். எண் மாறவில்லை.

எந்த லென்ஸும் வெளிச்சத்தைக் கூட்ட முடியாது. அதன் வேலையே கழிப்பதுதான். எதைக் கழிக்கிறது என்பதில்தான் இந்த மயக்கம் இருக்கிறது. சாம்பல் லென்ஸ் எல்லா நிறத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு கழிக்கும். உலகம் அப்படியே இருக்கும், வெளிச்சம் மட்டும் இறங்கும். சித்தப்பா மேகம் என்று சொன்னது அதைத்தான். பிரவுனும் மஞ்சளும் நீலத்தை அதிகமாக வெட்டுகின்றன. தூரத்தில் காற்றில் சிதறி, காட்சியின்மேல் வெளுப்பாகப் படர்கிற வெளிச்சத்தில் நீலம்தான் அதிகம். அது போனால் விளிம்புகள் துலங்குகின்றன. துலக்கத்தை நாம் வெளிச்சம் என்று எடுத்துக்கொள்கிறோம். இரவில் வண்டி ஓட்ட என்று மஞ்சள் கண்ணாடி விற்பதும் இந்த மயக்கத்தை வைத்துத்தான். பாஸ்டனில் உள்ள ஷெப்பென்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தில், சிமுலேட்டரில் இரவுச் சாலையை ஓட்டவிட்டுச் சோதித்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில், சாலையில் நடப்பவர்களைக் கண்டுகொள்வதில் மஞ்சள் கண்ணாடியால் எந்த நன்மையும் கிடைக்கவில்லை. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கைக் கழித்துவிட்டு நன்றாகத் தெரிகிறது என்று நினைக்க வைக்கிற பொருளை, நெடுஞ்சாலை ஓட்டுநர்களுக்கு விற்பது எனக்குக் கோபம் வருகிற விஷயம். 75 சதவீதத்துக்குக் குறைவாக விடும் எந்த லென்ஸையும் இரவு ஓட்டத்துக்கு ஆகாது என்றுதான் தரநிலைகள் சொல்கின்றன.

அத்தோடு பேச்சு முடிந்தது, பிரவுனை வாங்கிவிடலாம் என்று நினைக்கும்போது சித்தப்பா வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்தார். பாத்தியில் கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளி, பிரவுன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். மறுபடி இறக்கிப் பார்த்தார். "இதுல உப்பு மஞ்சளா இருக்குல. அழுக்கா, நெசமான உப்பான்னு ஒண்ணும் தெரியமாட்டேங்கு. தண்ணி நெறமும் மாறிப்போச்சு." பாத்தித் தண்ணீரின் நிறத்தையும் அடியில் படிகிற உப்பின் வெளுப்பையும் பார்த்துத்தான், வாரலாமா, இன்னும் ஒரு நாள் விடலாமா என்று முடிவு செய்கிறார்கள். அந்தக் கண்தான் அவர் தொழில். சாம்பலைக் கொடுத்தேன். உள்ளங்கையில் உப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது இருட்டு. ஆனா உப்பு உப்பாத்தான் இருக்கு."

நான் படித்த கட்டுரைகள் எல்லாம் துலக்கத்துக்குப் பிரவுன் என்று சொல்லியிருந்தன. கிரிக்கெட் ஆடுகிறவருக்கும் லாரி ஓட்டுகிறவருக்கும் அது சரியாக இருக்கலாம். நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிற தொழிலுக்குச் சாம்பல்தான். கறுப்பின் அளவை மட்டும் தேடிப் போன எனக்கு, அளவும் நிறமும் வேறு வேறு கேள்விகள் என்பது அந்த ஒரு பிடி உப்பைப் பார்த்துத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு கடையில் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறேன்.

பெருக்கல் கணக்கு

இன்னொன்றையும் அங்கேயே பேசினோம். போலரைஸ்டு. தண்ணீர்மேல் படும் வெயில் சாய்ந்து தெறிக்கும்போது, அதன் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாகிவிடுகிறது. போலரைஸ்டு லென்ஸ் அதை மட்டும் தனியாகத் தடுக்கும். மீன்பிடிக்கப் போகிறவர்கள் அதை விரும்புவது இதனால்தான், தண்ணீருக்கு அடியில் இருப்பது தெரியும். பாத்தியில் தண்ணீர் நிற்கும்வரை சித்தப்பாவுக்கும் அது அற்புதமாக வேலை செய்தது. ஆனால் காய்ந்த உப்புக் குவியலைப் பார்த்தபோது சாதாரண லென்ஸுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பொடியான வெள்ளைப் பரல்களுக்குள் வெளிச்சம் பலமுறை முட்டி மோதி வெளியே வரும்போது, அந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது, தடுப்பதற்கு ஒரு திசை இருப்பதில்லை. அளத்தில் பாதி கூச்சம் தண்ணீரால், பாதி உப்பால். கூடுதல் காசு பாதிக்குத்தான் பயன்படும். தவிர, போலரைசர் என்பது எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சாதாரண வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். அதன்மேல் ஏற்றும் சாயம் மிச்சத்தைத் தின்னும்.

இந்த மிச்சத்தின் மிச்சம் என்ற கணக்கைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது சதவீதங்கள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, காரின் முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் விட வேண்டும் என்கின்றன. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, போலீஸ்காரர்கள் நடுரோட்டில் நின்று அதைக் கிழித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 70 விடும் முன்கண்ணாடிக்குப் பின்னால் 15 விடும் கூலிங் கிளாஸ் போட்டால் கண்ணுக்கு வருவது 10.5. பைக்கில் இன்னும் மோசம். பாதி வெளிச்சம் விடும் ஸ்மோக் வைசரை இறக்கிவிட்டு, உள்ளே அதே 15-ஐப் போட்டால் 7.5. இரண்டுமே தனித்தனியாகச் சரி, சேர்ந்தால் 4-ஆம் வகை. வெயிலில் இருக்கும்வரை வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ரயில்வே சுரங்கப்பாதைக்குள் இறங்கும்போது, புளியமர நிழலுக்குள் நுழையும்போது, எதிரே ஆடு நிற்பது தெரிவதற்குள் வண்டி ஆட்டிடம் போயிருக்கும். காருக்கு இவ்வளவு தெளிவாக எண் வைத்து, அதைக் கிழித்துக் காட்டவும் செய்த நாட்டில், கண்ணோடு ஒட்டியிருக்கும் கண்ணாடிக்கு எண் கேட்டால் கடைக்காரர் விழிக்கிறார்.

வயதும் ஒரு லென்ஸ்தான். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரையை எட்டுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரரை எட்டுகிறது என்று ஒரு கணக்கு உண்டு. சித்தப்பா ஏற்கெனவே அந்த மூன்றில் ஒன்றோடுதான் விடிவதற்கு முன் வண்டி எடுக்கிறார். அவர் கேட்ட 'நல்ல கறுப்பை' நான் அப்படியே வாங்கிக் கொடுத்து, அதைக் கழற்றாமல் திரும்பி வரும் வழியில் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைப் புரட்டியது.

கறுப்பு தடுக்காதது

இத்தனைக்கும், டாக்டர் சொன்ன சதை வளர்ச்சிக்கும் கறுப்புக்கும் நேரடி உறவே கிடையாது. கண்ணைக் கெடுக்கிற புற ஊதாக் கதிர் நமக்குத் தெரியாத வெளிச்சம். அதைத் தடுப்பது லென்ஸின் பொருளும் அதில் கலந்த வேதிப்பொருளும்தான். ஒரு சொட்டுச் சாயம் இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ், தண்ணீர்போல் தெளிவாக இருந்துகொண்டே, புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும். கன்னங்கரேலென்று இருக்கும் மட்டமான லென்ஸ் அதை உள்ளே விடலாம். கறுப்பை நம்பிக் கண்மணி வேறு அகலத் திறந்துகொண்டிருக்கும். 'யுவி400' என்று எழுதியிருப்பது இந்தத் தடுப்பைப் பற்றிய பேச்சு, கறுப்பைப் பற்றியதல்ல.

இந்தத் துறையில் முதன்முதலாகக் கவனமாக வேலை செய்தவர்களில் ஒருவரான வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இதை நூறு வருடத்துக்கு முன்பே நன்றாக அறிந்திருந்தார். உலை முன் நின்று கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்குக் கண்புரை ஏன் வருகிறது என்று ஆராய லண்டன் ராயல் சொசைட்டி ஒரு குழு அமைத்தது. அதற்காக அவர் சீரியம் உள்ளிட்ட உலோகங்களைக் கலந்து 300-க்கும் மேற்பட்ட கண்ணாடிகளை உருக்கிப் பார்த்தார். 1913-இல் முடிவுகளை வாசித்தார். அனலையும் புற ஊதாவையும் தடுக்க வேண்டும், ஆனால் தொழிலாளி பார்க்க வேண்டிய வெளிச்சம் கூடியவரை குறையக் கூடாது என்பதுதான் அவர் தேடியது. பழைய கண்ணாடிக் கடைக்காரர்கள் இன்றைக்கும் லேசான சாயமிட்ட லென்ஸைக் 'குரூக்ஸ்' என்று சொல்வார்கள். ஒரு தொழிலாளியின் கண்ணுக்காகத் தொடங்கிய பொருள் அது. இப்போது கூலிங் கிளாஸ் என்றால் கல்யாண மாப்பிள்ளை, சினிமா போஸ்டர். உப்பு வாருகிற அக்கா அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தால் கிண்டல் செய்வார்கள் என்று அவர்களே என்னிடம் சொன்னார்கள். சொல்லிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்ப வாரப் போனார்கள். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

சதை ஏன் மூக்கோரத்தில் வளர்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. பொட்டுப் பக்கமாக, பக்கவாட்டில் நுழைகிற வெளிச்சத்தைக் கருவிழியின் வளைவு மறுகோடியில், மூக்கோரத்தில் குவித்துவிடுகிறது. முன்னால் எவ்வளவு கறுப்பு வைத்தாலும் பக்கம் திறந்திருந்தால் அந்த வழி திறந்தேதான் இருக்கும். அதனால் நெற்றிப்பொட்டு வரை வளைந்து மூடும் பிரேம்தான் வேண்டும். வெயிலுக்குத் தானாகக் கறுக்கும் போட்டோகிரே வகையையும் கேட்டுப் பார்த்தேன். 1960-களில் கார்னிங் நிறுவனம் கண்ணாடியில் கொண்டுவந்த அந்த நுட்பம் எனக்குப் பிடித்தமானது. ஆனால் அது குளிரில்தான் நன்றாகக் கறுக்கும், சூடு ஏற ஏற அதன் கறுப்பு குறையும். அக்னி நட்சத்திரத்தில் அளத்துக்குள் நிற்பவருக்கு அது பாதியில் கைவிட்டுவிடும்.

கடைசியில் வாங்கியது தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில். பாலிகார்பனேட், சாம்பல், பக்கம் மூடிய பிரேம், மீட்டரில் 16. இருட்டில் போகும்போது தூசிக்கும் பூச்சிக்கும் போட்டுக்கொள்ள அதே பிரேமில் சாயமில்லாத ஒன்று. விலை, பெயர்பெற்ற கடைகளில் கேட்டதில் சிறு பங்குதான். சித்தப்பா முதல் சில நாட்கள் இருட்டாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் வேறொரு தொல்லை இருக்கிறது. நெற்றி வேர்வை லென்ஸில் வழிந்து, காற்றில் இருக்கும் உப்போடு சேர்ந்து காய்ந்து, ஒரு மணி நேரத்தில் வெள்ளைப் படலமாகிவிடுகிறது. அப்படி ஒரு மத்தியானம் அவர் கழற்றிக் கொடுத்ததைத் துடைக்காமல் அளந்தேன், எண் பெரிதாக இறங்கவில்லை. ஆனால் படலம் வெளிச்சத்தைச் சிதறடித்து, காட்சி முழுவதையும் பால்போல் ஆக்கிவிடுகிறது. மீட்டருக்கு அது தெரியாது. துண்டால் துடைத்தால் உப்புப் பரல் கீறுகிறது. இப்போதைக்கு நல்ல தண்ணீர் பாட்டிலில் கழுவிக்கொள்கிறார். அளத்தில் நல்ல தண்ணீர் குடிப்பதற்கே கணக்காகத்தான் வரும். நெற்றிக்கும் பிரேமுக்கும் நடுவே ஸ்பாஞ்ச் பட்டை வைத்து, மேலே காற்றோட்டத் துளை விட்ட மாடல் ஒன்று இருக்கிறதாம், கடைக்காரர் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று சொல்லியிருக்கிறேன், அக்காக்களுக்கும் சேர்த்து. வந்ததும் அளந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.